கணக்குக் கேள்வி பதில்: கோளத்தின் கன அளவில் 4/3 எங்கிருந்து வந்தது?

கேள்வி: கோளத்தின் கன அளவு 4/3 × பை × ஆரம்³ என்று மகள் மனப்பாடமாகச் சொல்கிறாள். அந்த 4/3 ஏன் என்று கேட்கிறாள். வீட்டிலேயே செய்துகாட்ட வழி உண்டா?

பதில்: உண்டு. நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள், அவசியம் செய்துகாட்டுங்கள். ஒரு ரப்பர் பந்தைச் சரிபாதியாக வெட்டி, உள்விட்டத்தை அளந்து, அதில் பாதியை ஆரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆரமும், ஆரத்துக்குச் சமமான உயரமும் உள்ள கூம்பு ஒன்று சார்ட் அட்டையில் வேண்டும். ஆரம் 3.5 செ.மீ. என்றால் 1.414-ஆல் பெருக்குங்கள், சாயுயரம் 4.95 செ.மீ. கவராயத்தில் அந்த அளவுக்கு வட்டம் போட்டு, 255 பாகை உள்ள துண்டை வெட்டி எடுங்கள். ஒட்டுவதற்கு ஓரத்தில் அரை செ.மீ. கூடுதலாக விடுங்கள்.

கூம்பு நிறைய ரவை எடுத்து, ஸ்கேலால் வழித்து, பாதிப் பந்தில் கொட்டுங்கள். இரண்டு கூம்பில் நிறையும்; அப்படியென்றால் முழுப் பந்துக்கு நான்கு. கூம்பின் கன அளவு 1/3 × பை × ஆரம்² × உயரம். இங்கே உயரமும் ஆரமும் ஒன்று. நான்கால் பெருக்கினால் 4/3 வந்துவிடும்.

தவறு நடக்கிற இடம் பந்தின் தடிப்பு. வெளி ஆரம் 3.5 செ.மீ., தடிப்பு 3 மி.மீ. என்றால் உள்ளே இருப்பது 3.2 செ.மீ.தான். வெளி ஆரத்துக்குக் கூம்பு செய்தால் ஒன்றரைக் கூம்பிலேயே ரவை விளிம்புக்கு வந்துவிடும். பிள்ளை சூத்திரத்தையே சந்தேகிப்பாள். கொட்டும்போது தட்டிக் குலுக்கவும் கூடாது, ரவை அமுங்கிவிடும்.

கோளம், அதைக் கச்சிதமாக அடக்கும் உருளையில் மூன்றில் இரண்டு பங்கு என்று நிறுவியவர் ஆர்க்கிமிடீஸ். அவர் கல்லறையில் அந்த இரண்டு உருவங்களையும் பொறித்திருந்தார்கள். கண்டதாக ரோமானியரான சிசரோ எழுதியிருக்கிறார்.

கேள்வி: விட்டம் 21 செ.மீ. உள்ள கோளத்துக்கு என் மகனுக்கு 38,808 கன செ.மீ. வருகிறது. புத்தகத்தில் 4,851. எங்கே பிழை?

பதில்: 38,808-ஐ 4,851-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியில்லாமல் 8. ஆரம் இருக்க வேண்டிய இடத்தில் விட்டத்தைப் போட்டிருக்கிறான். நீளம் இரட்டித்தால் கன அளவு 2 × 2 × 2 மடங்காகும். கணக்கின் முதல் வரியிலேயே 'ஆரம் = 21/2' என்று எழுதப் பழக்குங்கள். 10.5 என்று தசமமாக்க வேண்டாம். 4/3 × 22/7 = 88/21; அதை 21/2 × 21/2 × 21/2-ஆல் பெருக்கும்போது ஒரு 21 அடிபட்டு, 11 × 441 மட்டும் மிஞ்சும்.

கேள்வி: உள்ளீடற்ற கோளத்தில் ஆரங்களைக் கழித்துவிட்டுக் கனம் எடுக்கலாமா?

பதில்: கூடாது. வெளி ஆரம் 5, உள் ஆரம் 4 என்றால் 125 − 64 = 61. முதலில் கழித்தால் வெறும் 1.