சிங்குக்குக் கீழே உள்ள இடத்தை எப்படி ஒழுங்காக வைத்துக்கொள்வது? எவ்வளவு அடுக்கினாலும் இரண்டு வாரத்தில் கலைந்துவிடுகிறது

உங்கள் வீடும் எங்கள் வீட்டைப் போல அடுக்குமாடியில் இருக்கிறது, சிங்குக்குக் கீழே இரண்டு கதவு போட்ட கேபினெட் இருக்கிறது, வேறு எங்கும் இடமில்லாத பொருளெல்லாம் அங்கேதான் போய்ச் சேருகிறது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். கூடை வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் ஒரே ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் எதையும் நகர்த்தாமல், குழாய்க்குத் தண்ணீர் வரும் வால்வில் உங்கள் கையை வைக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் அந்த இடம் எவ்வளவு அழகாக அடுக்கப்பட்டிருந்தாலும் அது ஒழுங்காக இல்லை என்றுதான் நான் சொல்வேன். இப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

நாங்கள் மலேசியாவில், கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில் ஓர் அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் இருக்கிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் இரண்டு நாள் தண்ணீர்த் தடை இருந்தது. தடை முடிந்து, விடியற்காலை மூன்று மணியளவில் தண்ணீர் திரும்பி வந்தபோது, வெறுமையாகக் கிடந்த குழாய்களில் அடைபட்டிருந்த காற்றும் தண்ணீரும் சேர்ந்து தள்ளிய வேகத்தில் சிங்குக்குக் கீழே வால்விலிருந்து குழாய்க்குத் தண்ணீரை ஏற்றும் ஹோஸ் பிய்த்துக்கொண்டது. வீடு வாங்கியபோது போட்ட ஹோஸ் அது. பதினொரு ஆண்டுகளில் ஒருமுறைகூட நாங்கள் அதைப் பார்த்ததில்லை. பார்க்க முடிந்திருக்காது என்பதே உண்மை. பத்து கிலோ அரிசி மூட்டை, பாத்திரம் கழுவும் திரவத்தின் பெரிய புட்டிகள், தரை துடைக்கும் வாளி, தீபாவளிக்கு மட்டும் எடுக்கும் இரும்புச் சட்டி, முறுக்கு அச்சுகள் இருந்த டப்பா, பிறகு ஞெகிழிப் பைகள் திணித்த ஒரு பெரிய ஞெகிழிப் பை என்று அத்தனையும் வால்வுக்கு முன்னால் நின்றன. 2017 ஜனவரியில் பக்கத்துச் சிலாங்கூர் மாநிலத்தில் ஒரு பைக்கு 20 சென் வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து, செலாயாங் பக்கம் சந்தைக்குப் போய்வரும் என் அம்மா ஒரு பையைக்கூட வீசியதில்லை. அதில் தவறில்லை, அவற்றை வைத்த இடம்தான் தவறு.

அம்மா அந்த இருட்டில் முட்டி போட்டு அமர்ந்து ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டார். கடைசியில் கை வால்வை எட்டியது. அது திரும்பவில்லை. ஆண்டுக்கணக்கில் அசைக்காத வால்வு இறுகிப்போயிருந்தது. நடைக்கூடத்தில் இருக்கும் மீட்டர் பெட்டியில் அடைத்துவிடலாம் என்று என் கணவர் ஓடினார், அது பூட்டப்பட்டிருந்தது. காவலாளி சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு மேலே வந்து சேர்வதற்குள் தண்ணீர் வரவேற்பறையைத் தாண்டிவிட்டது, கீழ்வீட்டின் கூரையிலும் இறங்கிவிட்டது. மீட்டர் பெட்டியைப் பூட்டுவதற்கு நிர்வாகத்திடம் காரணங்கள் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்பதைக் குடியிருப்பவர்களுக்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும் என்பதை இன்றும் வற்புறுத்துகிறேன்.

பொழுது விடிந்ததும், அவர்கள் வந்து கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது, நாமே போய்ச் சொல்லிவிடுவோம் என்று அம்மா என்னை அழைத்துக்கொண்டு கீழே போனார். கீழ்வீட்டு ஆண்டி எங்களைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அதிக வேதனையாக இருந்தது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அடுக்குமாடி வீடுகளின் நிர்வாகத்துக்கான 2013-ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015-இல் வந்த விதிமுறைகளின்படி, கீழ்வீட்டுக் கூரையில் ஒழுக்கு வந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை, மேலிருந்துதான் வந்தது என்றே கொள்ளப்படும். புகார் கிடைத்த 7 நாள்களுக்குள் நிர்வாகம் வந்து சோதிக்க வேண்டும் என்றும் அதே விதிமுறைகள் சொல்கின்றன. எங்கள் நிர்வாகம் வர மூன்று வாரமாயிற்று. அதுவரை அந்த ஆண்டி ஈரக் கூரையின் கீழேதான் சமைத்தார். கூரைக்குச் சாயம் பூசும் செலவை நாங்களே ஏற்றோம். எங்கள் கேபினெட்டின் அடிப்பலகையும் போயிற்று. அழுத்திய மரத்துகளால் செய்த பலகை அது; ஒருமுறை தண்ணீரைக் குடித்து உப்பிவிட்டால் காய்ந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாது. இப்போது பலர் அலுமினியக் கேபினெட்டுக்கு மாறுவது இதற்காகத்தான். எங்களுக்கு வசதி போதவில்லை, பலகையை மட்டும் மாற்றினோம்.

அதன் பிறகு நான் அடுக்கிய விதத்தைச் சொல்கிறேன். முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வடிகுழாய் எங்கே வளைகிறது, ஹோஸ் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பார்த்து, அந்த இரண்டுக்கும் நேர் முன்னால் ஒன்றும் வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். இதனால் நடுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடம் காலியாகவே நிற்கிறது. இடம் வீணாகிறதே என்று சிலர் கேட்பார்கள். குழாய்க்குரிய இடம் அது, நம்முடையதன்று. மீதி இடத்தில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று கைப்பிடி உள்ள இரண்டு நீளக் கூடைகள் மட்டுமே. ஒரே இழுப்பில் முழுக் கூடையும் வெளியே வந்துவிட வேண்டும். உங்கள் அடுக்கு இரண்டு வாரத்தில் கலைவதற்குக் காரணம், பின்வரிசைப் பொருளை எடுக்க முன்வரிசையைக் கலைக்க வேண்டியிருப்பதுதான் என்று நினைக்கிறேன். கூடையாக இழுத்தால் அந்தத் தொல்லை இல்லை. அகலத்தை அளக்கும்போது கதவுக் கீலையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். நான் அதை மறந்து வாங்கிய முதல் கூடை கீலில் இடித்து நின்றுவிட்டது.

வடிகுழாய் வளைவின் கீழே ஓரம் உயர்ந்த ஆழமில்லாத தட்டு ஒன்றை வைத்து அதில் பழைய நாளிதழை விரித்திருக்கிறேன். ஒரு சொட்டு விழுந்தாலும் தாளில் வட்டமாகத் தெரிந்துவிடும். அந்த வளைவை அடைசல் என்று நினைத்து யாரும் நேராக்கிவிடக் கூடாது. அதில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாடை மேலே ஏறாமல் தடுக்கிறது. நீண்ட நாள் வெளியூர் போய்த் திரும்பினால் வாடை வருவது அந்தத் தண்ணீர் வற்றிப்போவதால். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் போதும். குழாய் சுவருக்குள் போகும் துளையைச் சுற்றி இடைவெளி இருந்தால் அதையும் அடைத்துவிடுங்கள், கரப்பான்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

அரிசி, வெங்காயம், உருளைக்கிழங்கு எதுவும் இனி அங்கே இல்லை. நம் ஊர் ஈரக்காற்றில் மூடிய கேபினெட்டுக்குள் அவை கெட்டுப்போகும். மேலே குழாய் ஒழுகினால் சொல்லவே வேண்டாம். வெளுக்கும் திரவத்தையும் கழிவறை கழுவும் அமிலத்தையும் ஒரே கூடையில் வைக்காதீர்கள். இரண்டும் கசிந்து கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும். எங்கள் வீட்டில் அமிலம் கழிவறையின் மேல்தட்டுக்குப் போய்விட்டது, பிள்ளைகளின் கைக்கும் எட்டாது. இன்னொன்று: பல வீடுகளில் எரிவாயுத் தோம்பையும் பக்கத்துக் கேபினெட்டில் வைத்துக் கதவை மூடிவிடுகிறார்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோரமாகவே தேங்கும். கதவின் அடியிலாவது காற்றோட்டத்துக்குத் துளை இருக்க வேண்டும்.

நான் குழாய்த் தொழிலாளி அல்லள். தொழில் தெரிந்தவர்கள் இதில் திருத்தம் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வால்வையும் ஹோஸையும் நாம் எப்படித் தொடுவது என்று தயங்கலாம். வீட்டுக்காரரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள், ஹோஸின் விலை கூரைக்குப் பூசும் சாயத்தின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. நாங்கள் இரண்டையும் புதிதாகப் போட்டோம். மாதத்தின் முதல் ஞாயிறன்று நாளிதழை மாற்றும்போது வால்வை ஒருமுறை முழுவதும் அடைத்துத் திறக்கிறோம். இப்போதெல்லாம் அதை அம்மாதான் செய்கிறார், ஒரு கையாலேயே.