இசைக்கருவி கேள்வி – பதில்: நின்றுபோன பேஸ் கிட்டார்கள்

கேள்வி: நிறுத்திவிட்ட பழைய எலெக்ட்ரிக் பேஸ் மாடல்களை கம்பெனிகள் மறுபடியும் கொண்டுவர வேண்டுமா? சர்ச்சில் வாசிக்கும் என் மகளுக்கு 34 அங்குல பேஸில் விரல் எட்டவில்லை.
– வாசகர், ராயபுரம்

பதில்: உங்கள் மகளுக்காகவே சில மாடல்கள் திரும்ப வர வேண்டும். 1966இல் வந்த ஃபெண்டர் மஸ்டாங் பேஸின் ஸ்கேல், அதாவது ஸ்ட்ரிங் அதிரும் நீளம், 30 அங்குலம்; நீங்கள் சொன்ன 34 அங்குலமும் அந்த அளவுதான். முதல் ஃப்ரெட்டிலிருந்து (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) நாலாவது வரை 34 அங்குல பேஸில் ஏறக்குறைய 13 செ.மீ.; இதில் பதினொன்றரைதான். 80களின் தொடக்கத்தில் அதை நிறுத்தினார்கள், பிறகு கொண்டுவந்தார்கள். நல்ல முடிவு.

ஆனால் பழைய குறையோடு அச்சு அசலாக வருவதில் எனக்கு உடன்பாடில்லை. கிப்சன் தண்டர்பேர்ட் 1963இல் வந்து, 1969இல் நின்று, 1976இல் திரும்பியது. அதன் தலைப்பகுதி பின்னால் சாய்ந்திருக்கும்; ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் உலோகக் கம்பி) நட்டுக்காக மரத்தைக் குடைந்த இடமும் அங்கேதான். கீழே விழுந்தால் சரியாக அந்த இடத்தில் உடையும். தோளில் மாட்டினால் நெக் தரையை நோக்கி இறங்கும். தோற்றத்தை வைத்துக்கொள்ளட்டும், இவற்றைத் திருத்தட்டும். முக்கியமாக, உடல்பக்கம் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பிரிட்ஜ், அதிலுள்ள சாடில், ஸ்ட்ரிங் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் எல்லாம் தனியாக விற்க வேண்டும். பழைய பேஸ் வைத்திருப்பவர்களுக்குப் புது மாடலைவிட அதுதான் தேவை.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய 30 அங்குல பேஸில் புது ஸ்ட்ரிங் போட்டேன். ஈ ஸ்ட்ரிங் (இருப்பதிலேயே தடித்தது) சத்தமே எழவில்லை, தொளதொளவென்று அடிக்கிறது.
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: பெரும்பாலும் 34 அங்குல செட்டைப் போட்டிருப்பீர்கள். அதன் தடித்த பகுதி சுருதி கூட்டும் ட்யூனர் தண்டில் போய்ச் சுற்றிக்கொள்ளும். அந்த வளைவில் உள்கம்பிமேல் சுற்றிய கம்பி பிடி தளர்ந்து, நாதம் செத்துவிடும். 'ஷார்ட் ஸ்கேல்' என்று கேட்டு வாங்குங்கள். நெக்கின் தலைப்பக்க முனையில் ஸ்ட்ரிங் உட்காரும் பள்ளக்கட்டையைத் தாண்டி ஓரிரு அங்குலத்துக்குள் தடித்த பகுதி முடிய வேண்டும். வெட்டும் முன் 90 டிகிரி மடக்குங்கள், மடக்கிய இடத்துக்கு அப்பால் வெட்டுங்கள். நேராக வெட்டினால் மேல்சுற்று உள்ளே வரை பிரிந்துகொண்டே போகும்.

இன்னொன்று: அதே ஸ்ட்ரிங், அதே சுருதி என்றால் 30 அங்குலத்தில் இழுவிசை சுமார் 22 சதவீதம் குறைவு. அதனால் 45–105ஐவிட 50–105 செட் மேல் (மிக மெல்லிய, மிகத் தடித்த ஸ்ட்ரிங்குகளின் பருமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்).

பிறகு நெக்கைப் பாருங்கள். ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்தினால், ஏழாவது ஃப்ரெட்டில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி, அதாவது சுமார் 0.3 மி.மீ., இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் முதல் சில ஃப்ரெட்டுகளில் இரைந்தால் ட்ரஸ் ராடை இடப்பக்கம் கால் சுற்றுத் தளர்த்தி, மறுநாள் பாருங்கள். பழைய மஸ்டாங்கில் ட்ரஸ் ராட் நட் உடல்பக்கம் இருக்கும்: ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி, நெக்கைப் பிடித்திருக்கும் நாலு திருகாணியைக் கழற்றித்தான் தொட முடியும். துருவேறி இறுகியிருந்தால் பலம் காட்டாதீர்கள், ராட் முறிந்தால் நெக்கே போச்சு. உங்கள் பகுதியில் கடற்காற்று வேறு. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைத்து, பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.