மன்னிப்பு கேட்க வேண்டிய இடம்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

பெங்களூரு அல்சூரில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். முன்பு எங்கள் அன்பியத்தில், அதாவது பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுவில், வேளாங்கண்ணி போவதற்காக மாதாமாதம் பணம் சேர்த்தோம். அது என்னிடம்தான் இருந்தது. என் கணவருக்குச் சம்பளம் நின்றுபோன நேரம். மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக அதிலிருந்து 14,000 ரூபாய் எடுத்தேன். திருடும் எண்ணம் இல்லை, திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். அதற்குள் பஸ்ஸுக்கு முன்பணம் கட்டும் நாள் வந்தது, கணக்கு இடித்தது. பிறகு கையில் பணம் வந்ததும் கோயில் உண்டியலில் போட்டுவிட்டேன், ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். எங்கள் பங்கில் சொன்னேன், சிவாஜிநகர் பசிலிக்காவில் சொன்னேன், தவக்காலத் தியானத்தில் வேறொரு குருவிடமும் சொன்னேன். ‘மன்னிக்கப்பட்டதை ஏன் அம்மா கிளறுகிறீர்கள்?’ என்று அவர் சற்றுக் கோபமாகவே கேட்டார். மனம் ஆறவில்லை. நற்கருணை வாங்க வரிசையில் நின்று பாதியில் திரும்பிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை ஒருசந்தி. இரவில் 51-ஆம் திருப்பாடல். கணவரிடம் சொன்னால், ‘பணம்தான் போய்ச் சேர்ந்துவிட்டதே’ என்று டிவி பக்கம் திரும்பிக்கொள்கிறார். அவருக்காகத்தானே செய்தேன்? மறையுரையில் யூதாஸ் பெயர் வந்தால் என்னைப் பார்த்துச் சொல்வதுபோல் இருக்கிறது. பணத்தை முழுதாகப் போட்டும் நிம்மதி இல்லை. சாமியாருக்கும் புரியவில்லை, வீட்டிலும் புரியவில்லை.

வசூல் நோட்டோடு வீடு வீடாகப் போன அக்காவைத்தான் அப்போது எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். நான் எதுவும் பேசவில்லை. அவர்கள் கம்மனஹள்ளிக்குக் குடிபோய்விட்டார்கள். அவர் மகளும் என் மகளும் இப்போது ஒரே கல்லூரி. கிறிஸ்துமஸுக்கு அந்தப் பெண்ணை என் மகள் வீட்டுக்கு அழைத்திருக்கிறாள். அதை விடுங்கள். கடவுள் என்னை உண்மையிலேயே மன்னித்துவிட்டாரா? பிறகு ஏன் எனக்குச் சமாதானம் இல்லை?

— ஒரு சகோதரி, பெங்களூரு

அன்புச் சகோதரி,

‘அதை விடுங்கள்’ என்கிறீர்கள். என்னால் விட முடியவில்லை. இத்தனை நீளக் கடிதத்தில் அந்த அக்காவுக்குக் கிடைத்த இடம் உங்கள் ஒருசந்திக்கும் உங்கள் கணவரின் டிவிக்கும் நடுவே ஒரு ஓரம். அவருடைய மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று ஒரு வார்த்தைகூட இல்லை.

முதலில் ஒன்று கேட்கிறேன். இத்தனை பாவசங்கீர்த்தனங்களிலும் எதைச் சொன்னீர்கள்? 14,000 ரூபாயையா, அந்த அக்காவையா? பணத்தைத்தான் சொல்லியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். தீர்ந்துபோன கணக்கை மறுபடி மறுபடி ஒப்புவித்துக்கொண்டு, தீராத கணக்கைப் புரட்டியே பார்க்கவில்லை. எத்தனை குருக்கள் மன்னித்தாலும் மனம் ஆறாததற்குக் காரணம் அவர்களிடம் இல்லை.

உங்களைக் கடிந்துகொண்ட குரு என்ன நினைத்திருப்பார் என்று புரிகிறது. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இப்படித்தான் பழைய பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டு நொந்துபோனார். பழையதை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகே மீண்டார். உங்களுக்கும் அதே நோய் என்று அந்தக் குரு எண்ணியிருக்கலாம். நான் அப்படி எண்ணவில்லை. ஏனென்றால் மன்ரேசாவுக்குச் சற்று முன், மோன்செராத்தில் இன்னொன்று நடந்தது. இஞ்ஞாசியார் தம் விலையுயர்ந்த உடைகளை ஓர் ஏழைக்குக் கொடுத்துவிட்டு நடந்தார். அந்த ஏழையைத் திருடன் என்று பிடித்துக்கொண்டார்கள். ஓர் ஆள் பின்னாலேயே ஓடிவந்து கேட்டார். ‘ஆம், நான்தான் கொடுத்தேன்’ என்றார் இஞ்ஞாசியார். தம்மால் ஒருவன் பழி சுமந்தானே என்று அவருக்குக் கண்ணீர் வந்தது. உங்களிடம் யாரும் ஓடிவந்து கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தினமும் சொல்லும் அந்தத் திருப்பாடலில், உமக்கு எதிராக மட்டுமே பாவம் செய்தேன் என்று ஒரு வரி வருகிறது. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவரையும் சாகவைத்தவர் தாவீது அரசர்; அவர் அதைப் பாடியபோது உரியா இறந்துபோயிருந்தார். போய்ப் பார்க்க ஆள் இல்லை. உங்கள் அக்கா கம்மனஹள்ளியில் இருக்கிறார். அல்சூரிலிருந்து ஆட்டோ போகும் தூரம்.

கடவுளிடம் அழுவது உங்களுக்கு எளிதாக இருக்கிறது, ஏனென்றால் அவருக்கு ஏற்கெனவே தெரியும். குருவிடம் சொல்வதும் எளிது, அவர் யாரிடமும் சொல்லக் கூடாது. மகளுக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான் உங்களை உலுக்குகிறது. அந்தப் பெண் வீட்டுக்கு வரப்போகும் நேரம் பார்த்து நீங்கள் எனக்கு எழுதியிருப்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை. இதைக் குற்ற உணர்வு என்று சொல்லிக்கொள்கிறீர்கள். எனக்கு இது பெரும்பாலும் வெட்கமாகத் தெரிகிறது. குற்ற உணர்வு உள்ளவருக்குப் பாதிக்கப்பட்டவரின் முகம் நினைவுக்கு வரும். உங்கள் கடிதத்தில் உங்கள் முகம் மட்டுமே இருக்கிறது. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நெருக்கடியில் கைவைத்த பணத்துக்காக யாரும் உங்களைக் கல்லால் அடிக்கப்போவதில்லை.

பாவம் மன்னிக்கப்பட்ட பிறகும் ஈடுசெய்யும் கடமை இருக்கிறது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியே சொல்கிறது (எண் 2487). நற்பெயருக்கு ஈடு உண்டியலில் போட முடியாது.

நேரில் போங்கள். கணவருக்குச் சம்பளம் நின்ற கதையிலிருந்து தொடங்காதீர்கள்; எடுத்தது நான், உங்களைச் சந்தேகப்பட்டபோது வாயை மூடிக்கொண்டதும் நான் என்று தொடங்குங்கள். அவர் கதவைச் சாத்தலாம், அது அவர் உரிமை. அவர் சம்மதித்தால் அன்பியக் கூட்டத்திலும் இதைச் சொல்ல வேண்டும். மகளிடம் மட்டும், கம்மனஹள்ளிக்குக் கிளம்புவதற்கு முந்தின இரவே சொல்லிவிடுங்கள். அந்தப் பெண்ணின் வாயால் அவள் கேட்க வேண்டாம்.