மூன்று மாத முன்பணம் கேட்கிறார் விவசாயி, கொடுக்கலாமா?

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் எங்கள் அடுக்குமாடியில் 20 வீட்டுக்காரர்கள் சேர்ந்து, கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு விவசாயியிடம் வாராவாரம் நேரடியாகக் காய் வாங்குகிறோம். வீட்டுக்கு ஒரு பெட்டி, 10 கிலோ, 500 ரூபாய். கடையில் அதே காய் 650 ஆகும். எல்லோரும் என் கணக்குக்குப் பணம் போடுகிறார்கள், நான் அவருக்கு அனுப்புகிறேன். இப்போது அவர், மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கொடுத்தால் 10 சதவீதம் குறைத்துக்கொள்வதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? வருமான வரிச் சிக்கல் வரும் என்கிறார் கணவர். இன்னொன்று, பல வாரம் காய் மீந்து அழுகியும் போகிறது.
- வாசகி, கோவை

பதில்: கடைசியாகப் போகிற போக்கில் சொன்னீர்களே, காய் மீந்து அழுகுகிறது என்று, அதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் லாப நஷ்டம் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் கணக்குப்படி கடை விலை கிலோ 65 ரூபாய். கடையில் கால் கிலோ, அரைக் கிலோ என்று தேவைக்குத்தான் வாங்குவோம். பெட்டியில் வருவதை அப்படி அளக்க முடியாது. 500 ரூபாய்க்குக் கடையில் ஏறக்குறைய 7.7 கிலோ கிடைக்கும். ஆக, பத்துக் கிலோ பெட்டியில் 2.3 கிலோ குப்பைக்குப் போனால் 150 ரூபாய் மிச்சம் என்பது வெறும் பேச்சு. அதற்கு மேல் போனால் கைநஷ்டம். நாலு வாரத்துக்கு ஒரு வேலை செய்யுங்கள்: தூக்கிப்போடும் காயைத் தராசில் வைத்து, எடையை நாட்காட்டியிலேயே எழுதி வையுங்கள். இன்னும் மூன்று வீட்டுக்காரர்களையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகிறது என்றால், இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடுகள் சேர்ந்து ஒரு பெட்டியைப் பங்கு போட்டுக்கொள்வது நல்லது.

பெட்டிக்குள் என்ன வருகிறது என்பதையும் பேசி மாற்றலாம். தக்காளியில் பாதி பழமாகவும் பாதி செங்காயாகவும் போடச் சொல்லுங்கள். பழம் முதல் மூன்று நாளைக்கு, செங்காய் வாரக் கடைசிக்கு. கீரையை யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு மட்டும் போடட்டும். சின்ன வெங்காயம், தேங்காய், முழுப் பூசணி மாதிரி தாங்கும் பொருள்களின் பங்கு கூடினாலே வீணாவது பாதியாகக் குறையும்.

அடுத்து முன்பணம். 12 வாரத்துக்கு 20 வீட்டுப் பணம் 1,20,000 ரூபாய். தள்ளுபடி போக 1,08,000. வீட்டுக்கு 5,400 கொடுத்து 600 மிச்சம். மூன்று மாதத்தில் எந்த டெபாசிட்டும் இதில் பாதிகூடத் தராது, அதனால்தான் ஆசை வருகிறது. ஆனால் டெபாசிட்டுக்கு வங்கி பொறுப்பு, இதற்கு வானம்தான் பொறுப்பு. தொடர்ந்து நாலு நாள் மழை அடித்தால் தக்காளிச் செடியே போய்விடும். 2023 ஜூலையில் தக்காளி 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். அரசே சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அப்படி ஒரு மாதம் வந்தால், சந்தையில் நல்ல விலை கிடைக்கும் காயை உங்களுக்குப் பழைய விலைக்கே கொடுப்பது எவ்வளவு நல்ல மனிதருக்கும் கஷ்டம்.

அவர் கேட்பதில் தப்பே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாற்று, உரம், ஆள் கூலி எல்லாம் அறுவடைக்கு முன்னாலேயே கையை விட்டுப் போகும் பணம். பல விவசாயிகள் அதற்கு மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்குகிறார்கள். வாங்கியதாலேயே விளைந்ததை அந்த மண்டிக்கே, அவர் சொன்ன விலைக்கே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. உங்கள் பணம் அந்தக் கட்டிலிருந்து அவரை விடுவிக்கும். அதனால் கொடுங்கள், ஆனால் ஒரு மாதப் பணமாகக் கொடுங்கள். நாலு வாரம் முடிந்ததும் அடுத்த நாலு வாரத்துக்கு. தள்ளுபடி 5 சதவீதம் போதும் என்று நீங்களே இறங்கி வாருங்கள். கூட்டுறவு சங்கப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி இல்லை. சொந்த நிலம் என்றால் அவர் அந்தக் கடனை வாங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். குத்தகைக்கு உழுபவராக இருந்தால் அந்தக் கடன் கிடைப்பது சிரமம். அவருக்கு உங்கள் ஒரு மாத முன்பணம் பெரிய உதவி.

ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: காய் வராத வாரம் பணம் திரும்புமா, அடுத்த வாரத்தில் கழியுமா, விலையை எதை வைத்து முடிவு செய்வது, குட்டியானை வாடகை யார் பொறுப்பு. விலைக்கு உழவர் சந்தைப் பலகையைப் பாருங்கள், அங்கே தினமும் எழுதிப் போடுகிறார்கள். அந்த விலையை ஒட்டிக் கொடுத்தால் அவருக்கும் கட்டும். அதற்கும் கீழே பேரம் பேசாதீர்கள். தக்காளிக்கு நாம் கொடுக்கும் 100 ரூபாயில் விவசாயிக்குப் போவது சுமார் 33 ரூபாய்தான் என்று 2024இல் வெளிவந்த ரிசர்வ் வங்கி ஆய்வறிக்கை ஒன்று சொல்கிறது. நீங்கள் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் மீதி 67இல் இருக்கிறது.

வரி விஷயத்தில் உங்கள் கணவர் பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை, ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. வாங்கி அப்படியே அனுப்பும் பணம் உங்கள் வருமானம் ஆகாது. இருந்தாலும் வாரம் 10,000 என்றால் வருடத்துக்கு 5,20,000 ரூபாய் உங்கள் கணக்கில் வந்து போகும். நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட ஆதாரம் வேண்டும். இதற்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள், அவருக்கு ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள், வாரக் கணக்கை வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பார்க்கும்படி போடுங்கள். பெட்டிக்கு 20 ரூபாய் உங்கள் உழைப்புக்கு எடுத்துக்கொண்டால், வருடத்துக்கு 20,800. தாராளமாக எடுக்கலாம், எல்லோருக்கும் சொல்லிவிட்டு எடுங்கள். ஆனால் அது விவசாய வருமானம் ஆகாது, வரிக் கணக்கில் காட்ட வேண்டும். காய்கறிக்கு ஜிஎஸ்டி இல்லை. லாபம் வைத்து விற்கும் வியாபாரமாக வளர்ந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

முன்பணத்தை யாரும் கிரெடிட் கார்டிலோ நகைக்கடனிலோ எடுத்துக் கொடுக்க வேண்டாம். 20 வீட்டில் அஞ்சு வீட்டுக்காரர்கள் வாராவாரம்தான் தர முடியும் என்றால், அவர்களுக்குத் தள்ளுபடி இல்லாமல் பழைய 500 ரூபாயே இருக்கட்டும்.