இங்கிலாந்தின் லெஸ்டருக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு, டிவி விஷயமாக

தம்பி, நீ அனுப்பிய கேள்விகளை உன் அப்பா என் போனுக்குத் தட்டிவிட்டிருந்தார். லீவில் ஊருக்கு வந்து, கேரள எல்லையில் நம் களியக்காவிளையில்தான் இருக்கிறேன். கரண்ட் போகாத நேரம் பார்த்து இதை எழுதுகிறேன். சிம் கார்டு எது நல்லது, மட்டை அரிசி எங்கே கிடைக்கும், ஊர் லைசென்சில் கார் ஓட்டலாமா என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். அதையெல்லாம் உன் மனைவி வேலை பார்க்கும் வார்டில் இருக்கும் சேச்சிமார் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஊர் லைசென்சில் ஒரு வருடம் ஓட்டலாம், அதற்குள் டெஸ்ட் எழுதிப் பாஸாகிவிடு. அவ்வளவுதான்.

உன் கடைசிக் கேள்விதான் என்னை உட்கார வைத்தது. "அண்ணே, மாசாமாசம் கேபிளுக்குப் பைசா கட்டாமல் வீட்டில் டிவி பார்க்க வழி உண்டா? கூட இருக்கிற ஒருத்தர் ஒரு பெட்டி வாங்கித் தருகிறேன் என்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை கொடுத்தால் எல்லா தமிழ்ச் சேனலும் வருமாம்." இதைப் படித்ததும் எனக்கு 2003 ஞாபகம் வந்துவிட்டது. அப்போது பெட்டி கிடையாது, ஆனால் இதே ஆள் இருந்தார். பெயரும் ஊரும்தான் வேறு.

முதலில் நல்ல செய்தி. அங்கே கேபிளே தேவையில்லை. வாடகை வீட்டுச் சுவரில், டிவி வைக்கும் மூலையில், ஒரு வட்டமான ஏரியல் சாக்கெட் இருக்கிறதா பார். இருந்தால் பெரும்பாலும் கூரையில் ஏரியல் இருக்கும், நம்ம ஊர் ஆன்டெனாதான். பத்து பவுண்டுக்குள் ஒரு வயர் வாங்கிச் சொருகி, டிவியில் ஆட்டோ டியூன் கொடு. இப்படி ஏரியலில் இலவசமாக வருவதற்கு ஃப்ரீவியூ என்று பெயர், 2002இல் தொடங்கியது. இப்போது கடையில் விற்கிற எல்லா டிவிக்குள்ளேயும் அது இருக்கிறது, தனியாகப் பெட்டி வேண்டாம். பிபிசி, ஐடிவி, சேனல் 4, செய்தி, பழைய படம், குழந்தைகளுக்கான சேனல் என்று நிறைய வரும். மாதக் கட்டணம் கிடையாது. லெஸ்டருக்கு மெல்டன் மோப்ரே பக்கம் வால்தமில் இருக்கும் கோபுரத்திலிருந்து சிக்னல் வருகிறது. உங்கள் தெருவில் நின்று கூரைகளைப் பார்த்தால் பெரும்பாலான ஏரியல்கள் வடகிழக்கே முகம் காட்டிக்கொண்டு படுத்திருக்கும்.

ஜன்னலில் வைக்கிற சின்ன ஏரியலை வாங்கிப் பைசாவை வீணாக்காதே. தடிச் செங்கல் சுவருக்குள் அது பாதி நேரம் படத்தைக் கட்டம் கட்டமாக உடைக்கும். கூரை ஏரியல் இல்லையென்றால் வெளிச்சுவரைப் பார். முன்னால் குடியிருந்த யாராவது மாட்டிவிட்டுப் போன டிஷ் தொங்கும். சந்தா நின்றுபோனாலும் டிஷ் டிஷ்தானே. அதிலிருந்து வரும் வயரை ஒரு ஃப்ரீசாட் பெட்டியில் சொருகினால் சந்தா இல்லாமலே சேனல்கள் வரும். சுவரில் புது ஓட்டை போடுவதாக இருந்தால் மட்டும் வீட்டுக்காரரைக் கேட்டுவிடு. இல்லாவிட்டால் காலி பண்ணும்போது அட்வான்சில் கழித்துக்கொள்வார்.

இன்னொன்று. வெயில் நாட்களில் காற்று அசையாமல் நின்றால் நன்றாக இருந்த படம் திடீரென்று சிதறும். டிவி கெட்டுவிட்டது என்று நினைத்து ரீட்யூன் பண்ணாதே, இருக்கிற சேனலும் போய்விடும். தூரத்துக் கோபுரங்களின் சிக்னல் மேல்காற்றில் வளைந்து வந்து மோதுகிறது. வானிலை மாறினால் தானாகச் சரியாகிவிடும். இது உனக்குப் புதிது, என் வயதுக்காரர்களுக்குப் புதிதில்லை. நாங்கள் சின்ன வயதில் இலங்கை ரூபவாஹினியைப் பார்த்ததே அந்த வளைவில்தான். கடல் மேல் வெக்கை பிடித்த ராத்திரிகளில் இருந்தாற்போல் தெளிவாக வரும். மறுநாள் அதே ஆன்டெனாவில் வெறும் இரைச்சல்.

சரி, இனி கெட்ட செய்தி. கேபிளுக்குக் கட்ட வேண்டாம், டிவி பார்ப்பதற்கான லைசென்சுக்குக் கட்ட வேண்டும். இதைத்தான் நம்மாட்கள் யாரும் புதிதாக வருபவர்களிடம் சொல்வதில்லை. சொன்னாலும் தப்பாகச் சொல்வார்கள். "பிபிசி பார்த்தால்தான் லைசென்ஸ், நாம் பார்ப்பது சன் டிவிதானே" என்பார்கள். பச்சைப் பொய். எந்த நாட்டுச் சேனலாக இருந்தாலும், எந்த மொழியாக இருந்தாலும், ஒளிபரப்பாகும் அதே நேரத்தில் நேரலையாகப் பார்த்தால் லைசென்ஸ் வேண்டும். டிவி, லேப்டாப், போன், எதில் பார்த்தாலும் அப்படித்தான். யூடியூபில் தமிழ்ச் செய்திச் சேனலை லைவாக ஓடவிட்டுக்கொண்டு நீ சமைத்தால்கூட இந்தக் கணக்குதான். அதே விவாதத்தை ராத்திரி பதிவாகப் பார்த்தால் வேண்டாம். பிபிசியின் ஐபிளேயர் என்ற ஆப்புக்கு மட்டும் 2016 செப்டம்பரிலிருந்து லைவோ பழையதோ எதுவானாலும் லைசென்ஸ் வேண்டும். மற்ற கம்பெனிகளின் பழைய நிகழ்ச்சி, காசு கொடுத்துப் பார்க்கிற படம், சீரியல் இதற்கெல்லாம் வேண்டாம்.

2025 ஏப்ரலில் வருடத்துக்கு 174.50 பவுண்ட் ஆக்கினார்கள். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தவணையில் கட்டலாம். பிடிபட்டால் 1,000 பவுண்ட் வரை அபராதம், கோர்ட் செலவு தனி. அபராதத்தைவிட நான் பயப்படுவது வேறு. விசா நீட்டிக்கும் படிவத்தில் கோர்ட் தண்டனை ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கட்டத்தில் நீ எழுதுவதற்கு ஒன்றுமே இருக்கக்கூடாது. ஒரு சீரியலுக்காக அங்கே மை வைக்க வேண்டுமா?

லைவே பார்க்க மாட்டோம் என்று உங்கள் இரண்டு பேருக்கும் உறுதியாகத் தெரிந்தால், லைசென்ஸ் தேவையில்லை என்று ஆன்லைனில் அறிவித்துவிடு. சும்மா விட்டால் கடிதம் மேல் கடிதம் வரும், ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சிவப்பாக. நேரிலும் ஆள் வரலாம். அடையாள அட்டை கேள், மரியாதையாகப் பேசு. வாரண்ட் இல்லாமல் உள்ளே வர அவர்களுக்கு அதிகாரம் கிடையாது, நீ விட்டால்தான் வரலாம். ஆனால் உள்ளே லைட்டை அணைத்துவிட்டுச் சோபாவுக்குப் பின்னால் குனிந்து உட்காரும் வேலை வேண்டாம். அப்படி உட்கார்ந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவர் ஊரில் தலைமையாசிரியராக இருந்தவர்.

டிவி பார்க்க லைசென்சா என்று நீ சிரிப்பாய். உன் அப்பாவைக் கேட்டுப் பார். நம் வீட்டிலும் ரேடியோவுக்கு லைசென்ஸ் இருந்தது. போஸ்ட் ஆபீசில் கொடுத்த சின்னப் புத்தகம், வருடா வருடம் பைசா கட்டி முத்திரை வாங்க வேண்டும். எங்கள் அப்பா அதை ரேஷன் கார்டுக்குள் மடித்து, வேட்டி வைக்கும் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். டிவிக்கும் இருந்தது. 1980களின் நடுவில்தான் நம் அரசாங்கம் அதை எடுத்தது. இங்கிலாந்தில் 1946இலேயே டிவிக்கு இரண்டு பவுண்ட் லைசென்ஸ் போட்டார்கள், இன்னும் எடுக்கவில்லை. கறுப்பு வெள்ளை டிவிக்கு இன்றைக்கும் தனியாகக் குறைந்த விலை லைசென்ஸ் உண்டு என்றால் பார்த்துக்கொள். நான் போன காலத்தில் கடையில் டிவி வாங்கினால் பெயரும் விலாசமும் எழுதி வாங்குவார்கள், லைசென்ஸ் ஆபீசுக்கு அனுப்புவதற்காக. 2013இல்தான் அந்தச் சட்டம் போயிற்று.

இப்போது அந்தப் பெட்டிக்கு வருவோம். அதைத் தொடாதே. வருடப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்வார், ரசீது தரமாட்டார். மூன்று நான்கு மாதம் அருமையாக ஓடும், நீயே இரண்டு பேரிடம் சிபாரிசு செய்வாய். தீபாவளியன்று புதுப்படம் போடும்போது திரை கறுப்பாகிவிடும். போன் போட்டால் "நம்பர் உபயோகத்தில் இல்லை" என்று வரும். திருட்டு ஒளிபரப்பை விற்பது அந்த நாட்டில் பெரிய குற்றம். 2017இல் வந்த சட்டத்தில் இணையவழித் திருட்டுக்குப் பத்து வருடம் வரை சிறை போட்டிருக்கிறார்கள். விற்பவர் மாட்டினால் வாங்கியவர்களின் பட்டியலும் அவர் போனோடு சேர்ந்துதான் போகும். அந்தப் பெட்டியில் லைவாகப் பார்க்கவும் லைசென்ஸ் வேண்டும் என்பது அடுத்த கூத்து. தமிழ்ச் சேனல் வேண்டுமென்றால் அந்தந்தக் கம்பெனியே நடத்தும் ஆப்பில் முறையாகச் சந்தா கட்டிக்கொள்.

இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், இந்தப் பெட்டியை விற்பது எப்போதும் நம்மாள்தான். வெள்ளைக்காரன் வந்து விற்றால் நாம் ஆயிரம் கேள்வி கேட்போம். "நம்ம குழித்துறைக்காரர், நம்ம பாறசாலைக்காரர்" என்றால் பர்சைத் திறந்துவிடுகிறோம். லெஸ்டரில் குஜராத்திகளைப் பார். பலர் 1972இல் உகாண்டாவிலிருந்து அதிபர் இடி அமீன் துரத்தி, கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர்கள். இன்று ஒரு தெரு முழுக்க அவர்கள் கடை. சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் காசை எடுப்பார்கள். ஈழத்தமிழர்களும் அப்படித்தான், எந்தப் படிவத்தையும் வாசித்து வைத்திருப்பார்கள். நாம்தான் "அது ஒண்ணும் ஆகாது" கோஷ்டி.

நம் எல்லைக்காரர்களுக்கு அங்கே இன்னொரு சங்கடமும் உண்டு, நீயே பார்ப்பாய். தமிழ்ச் சங்கத்தில் நம் பேச்சைக் கேட்டு மலையாளி என்பார்கள். மலையாளிகளின் ஓணத்துக்குப் போனால் பாண்டி என்பார்கள். நான் இரண்டு இடத்திலும் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். நான் மலையாளம் படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, எல்லாம் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் புண்ணியம். நம் பக்கத்தில் முதலில் டிவி வந்தது ஒரு கல்ஃபுக்காரர் வீட்டில். ஓட்டுக்கு மேல் இரும்புக் குழாயில் ஆன்டெனா. ஒருவர் மேலே நின்று குழாயைத் திருக, கீழே ஜன்னலில் இருப்பவர் "தெரியுது... போச்சு... இப்போ தெரியுது, கையை எடுக்காதே" என்று கத்துவார். கையை எடுத்தால் படம் போய்விடும். இந்திரா காந்தியின் இறுதிச் சடங்கை அந்த வீட்டு முற்றத்தில்தான் பார்த்தோம். இடமில்லாமல் பாதிப் பேர் மதில் மேல். 1985இல் மலையாள நிகழ்ச்சிகள் ஆரம்பித்ததும் ராத்திரிச் செய்தி வரை யாரும் எழுந்து போகமாட்டார்கள். சென்னையில் என்ன நடக்கிறது என்பது எங்களுக்கு மறுநாள் பேப்பரில்தான்.

லெஸ்டரில் இங்கிலீஷ் படித்ததும் அதே மாதிரிதான். எங்களுடைய முதல் டிவி பழைய சாமான் விற்கும் ஒரு தர்மக் கடையில் வாங்கியது, பின்பக்கம் இடுப்பளவு துருத்திக்கொண்டிருக்கும். மொத்தம் ஐந்து சேனல். உன் மதினி நைட் ஷிப்டுக்குப் போனபிறகு ரிமோட்டில் 888 அழுத்துவேன், கீழே சப்டைட்டில் ஓடும். காதில் விழுவதும் எழுத்தில் வருவதும் ஒன்றுதான் என்று நம்புவதற்கே கொஞ்ச காலம் ஆயிற்று. சீரியலில் வரும் சண்டைகளை வைத்துத்தான் வேலைக்குப் போன முதியோர் இல்லத்தில் என்னால் வாய்கொடுத்துப் பேச முடிந்தது. ஒரு பாட்டி என் பேச்சைக் கேட்டுவிட்டு, நீ கிழக்கு லண்டன்காரனா என்று கேட்டார். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். 2005 ஆஷஸ் கிரிக்கெட் தொடர் முழுவதையும் சேனல் 4இல் இலவசமாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு உள்ளூர் டெஸ்ட் கிரிக்கெட் சந்தாச் சேனலுக்குப் போய்விட்டது. 2019 உலகக் கோப்பையில் இறுதி ஆட்டத்தை மட்டும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஐபிஎல்லை இலவசமாகப் பார்க்கலாம் என்று உன்னிடம் யாராவது சொன்னால், அவரும் பெட்டி விற்கிறவராகத்தான் இருப்பார்.

கடைசியாக, நீங்கள் இருப்பது பங்கு வீடு என்று எழுதியிருக்கிறாய். எல்லோரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் வீட்டுக்கு ஒரு லைசென்ஸ் போதும், ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்கொள்ளலாம். அறைக்குத் தனித்தனி ஒப்பந்தம் என்றால் உன் அறைக்கு நீதான் எடுக்க வேண்டும். பக்கத்து அறைக்காரர் எடுத்திருக்கிறார் என்பது உனக்கு உதவாது. அடுத்த வெள்ளிக்கிழமை நான் திரும்பி வந்துவிடுவேன். உன் அம்மா ஏத்தங்காய் சிப்சும் உப்பேரியும் கட்டிக் கொடுத்திருக்கிறார், என் பெட்டியில் பாதி இடம் அதற்கே போயிற்று. வாங்க வரும்போது அந்த ஒப்பந்தத்தையும் எடுத்து வா, எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்த ஆளிடம் அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதே.