ஸ்கிப்பரை எழுப்பலாமா?

மே பிறந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி வடக்கு நோக்கியே இருக்கும். குயின்ஸ்லாந்தின் புயல் பருவம் ஏப்ரலோடு முடிகிறது, சிட்னியில் குளிர் ஏறுகிறது. பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் "ஆள் வேண்டும்" என்கிறார்கள். கடல் ஆசை உள்ளவர்கள் "நான் வரட்டுமா" என்கிறார்கள். இந்த முறை பெரும்பாலும் இரண்டாவது கூட்டம்தான்.

சிட்னியிலிருந்து கோல்ட் கோஸ்ட் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்? (பாரமட்டா)

படகு எத்தனை அடி, எந்த மாதம், எத்தனை பேர் என்று ஒன்றும் எழுதவில்லை. ஊர்ப் பெயர் சொல்லாமல் பஸ் எப்போது வரும் என்று கேட்டால் நான் என்ன சொல்ல? 34 அடி என்று நானே வைத்துக்கொள்கிறேன். தூரம் 380 கடல் மைலுக்குப் பக்கம். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் மூன்று நாளும் கொஞ்சமும். எதிர்நீரோட்டம் அதில் ஒரு நாட் வேகத்தைத் தின்றால் நாலு நாள். வானிலை கெட்டு எங்காவது ஒதுங்கினால் ஏழு நாள்கூட ஆகும். திங்கட்கிழமை காலை மீட்டிங் இருப்பவர் விமானத்தில் போகட்டும்.

போன வருடம் வடக்கே போகும்போது படகின் வேகமானி 5 நாட் காட்டியது, ஜிபிஎஸ் இரண்டரைதான் காட்டியது. ஜிபிஎஸ்ஸில் கோளாறா? (நியூகாசில்)

ஜிபிஎஸ் சரியாகத்தான் சொன்னது. நீங்கள் இருந்த இடம்தான் தப்பு. கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுவது. நம் கடற்கரைகளில் 'நீவாடு' என்பார்களே, அதன் பெரியண்ணன். 200 மீட்டர் ஆழக்கோட்டை ஒட்டி 2, 3 நாட் சாதாரணமாக ஓடும், சில நாளில் அதற்கும் மேல். வடக்கே போகிறவர் கரையை அணைத்துப் போகவேண்டும். தெற்கே வருகிறவர் வெளியே போய் அதன் முதுகில் ஏறிக்கொள்ளலாம். கடல்நீர் வெப்பமானியைப் பாருங்கள்: அரை மணி நேரத்தில் இரண்டு மூன்று டிகிரி ஏறினால் நீரோட்டத்துக்குள் நுழைந்துவிட்டீர்கள், கரைப்பக்கம் திரும்புங்கள். தெற்குக் காற்று வலுக்கப்போகிறது என்றால் அதற்கு முன்பே நீரோட்டத்தை விட்டு வெளியேறிவிட வேண்டும். காற்றும் நீரோட்டமும் எதிரெதிரே மோதும்போது அலை குட்டையாக, செங்குத்தாக, சுவர் மாதிரி எழும். கரையை அணைத்துப் போவது என்றால் பாறையை அணைப்பது அல்ல என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

வாந்தி வருமோ என்று பயம். இஞ்சி போதுமா? (சிங்கப்பூர்)

சிலருக்குப் போதும். உங்களுக்குப் போதுமா என்பது கடலுக்குப் போனபின் தெரிந்து பயனில்லை. மாத்திரை எது என்று டாக்டரிடம் கேளுங்கள். தரையில் இருக்கும்போதே ஒரு நாள் போட்டுப் பாருங்கள், சிலரை அது ஆளையே சாய்த்துவிடும். புறப்படுவதற்கு முந்தைய இரவே ஆரம்பிக்க வேண்டும். குமட்டல் வந்தபிறகு விழுங்கும் மாத்திரை மீனுக்குத்தான் போகும். வெளியே உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள், சுக்கானைப் பிடிக்கச் சொன்னால் பிடியுங்கள். நார்த்தங்காய் ஊறுகாய் எடுத்துப் போங்கள். மருந்தோ இல்லையோ, எனக்கு உதவியிருக்கிறது.

நான்கு பேர் இருந்தோம். நள்ளிரவு வாட்சில் (காவல் முறையில்) தனியாக இருந்தபோது ஒரு கப்பலின் விளக்குகள் தெரிந்தன. ஸ்கிப்பருக்கு (படகுத் தலைவர்) 65 வயது, அப்போதுதான் அசந்து படுத்திருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. கப்பல் தானாகக் கடந்துவிட்டது. காலையில் சொன்னபோது கண்டபடி கத்தினார். இது நியாயமா? (வென்ட்வொர்த்வில்)

நியாயம். நானாக இருந்தால் இன்னும் சத்தமாகக் கத்தியிருப்பேன்.

நம் ஆட்களிடம் இது ஒரு வியாதி. வீட்டில் பெரியவர் தூங்கினால் மிக்ஸி போடமாட்டோம், வாசல் மணியைக்கூடத் துணி சுற்றி வைப்போம். நல்ல பழக்கம்தான், ஆனால் அதை மூட்டை கட்டி படகுத்துறையிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஸ்மோக்கி கேப் அருகே, இரவு 2 மணி. வாட்சில் இருந்த பையன் கெட்டிக்காரன், இன்ஜினியர். உச்சா போக எழுந்த நான் தற்செயலாகப் படியில் நின்று தலையை நீட்டினேன். அணியத்துக்கு (படகின் முன்முனை) நேரே சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தன. மேலே இரண்டு வெள்ளை விளக்குகள், ஒன்றுக்கு நேர்மேலே ஒன்று, கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி. விளக்குகள் அப்படி ஒரே கோட்டில் நின்றால் கப்பலின் மூக்கு நம்மைப் பார்த்தபடி வருகிறது என்று பொருள். "எத்தனை நேரமாகத் தெரியுது?" என்றேன். "கால் மணி நேரம் இருக்கும் அங்கிள். நீங்க அசந்து தூங்கினீங்க." சுக்கானைப் பிடுங்கித் திருப்பினேன். கப்பல் போனபின் அதன் இன்ஜின் அதிர்வு எங்கள் படகின் அடித்தளத்தில் கேட்டது. அதற்குப்பிறகு அவனும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய கப்பலின் உச்சி விளக்கு 6 மைலில் தெரியவேண்டும் என்பது விதி. கப்பல் 18 நாட், நீங்கள் எதிரே 5 நாட். நெருங்கும் வேகம் 23. அதாவது சுமார் கால் மணி நேரம். ஸ்கிப்பர் எழுந்து, மூக்குக்கண்ணாடி தேடி, ஜாக்கெட் மாட்டி, படியில் நிற்கும்போதே பாதுகாப்பு வாரின் கொக்கி போட்டு மேலே வர ஐந்து நிமிடம். இருட்டு கண்ணுக்குப் பழக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். மிச்சம் என்ன இருக்கிறது?

"தானாகக் கடந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படித் தெரிந்தது? கைத் திசைகாட்டியில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பேரிங் (விளக்கு தெரியும் திசைக் கோணம்) எடுத்தீர்களா? எடுத்ததாகக் கடிதத்தில் இல்லை. விளக்கு நெருங்கிக்கொண்டே வருகிறது, பேரிங் மட்டும் மாறவில்லை என்றால் அது மோதல் பாதை. 1972-ன் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளிலேயே இருக்கிறது. பாய்மரப் படகுக்குக் கப்பல்தான் வழிவிடவேண்டும் என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது, ஆனால் உங்களைப் பார்த்தால்தானே விடும்? ஃபைபர் படகு ரேடாரில் சரியாக விழாது. ஏ.ஐ.எஸ் (கப்பல்கள் தங்கள் இடத்தை ரேடியோவில் அறிவிக்கும் கருவி) திரையில் எல்லாம் வரும் என்று நம்புகிறவர்களும் உண்டு. மீன்பிடிப் படகுகள் பல அதில் வராது.

என் படகில் சொல்வது இதுதான். பேரிங் மாறாத எந்த விளக்காக இருந்தாலும் எழுப்பு. காற்று 5 நாட் கூடினாலோ திசை மாறினாலோ எழுப்பு. புதுச் சத்தம் ஏதாவது கேட்டால், உனக்குத் தூக்கம் சொக்கினால் எழுப்பு. எழுப்பலாமா வேண்டாமா என்று யோசிக்க ஆரம்பித்தால் அந்த யோசனை வந்ததற்காகவே எழுப்பு. உலுக்க வேண்டாம். பெயர் சொல்லி, "கப்பல், வலப்பக்கம், பேரிங் மாறவில்லை" என்றால் போதும்.

உங்கள் ஸ்கிப்பருக்கும் ஒரு வார்த்தை. இதையெல்லாம் அவர் புறப்படும் முன் சொன்னாரா? எழுதி ஒட்டினாரா? முதல் நாள் இரவு யாரோ எழுப்பியதற்கு "இதுக்கெல்லாமா எழுப்புவ?" என்று முனகியிருந்தால் பாதிப் பழி அவர் மேல். வீண் அழைப்புக்கு எழுந்தவர் "சரி, நல்லது" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுக்கத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாதவரோடு நான்கு நாள் போகாதீர்கள்.

வானிலை நன்றாக இருக்கும்போதும் ஹார்னஸ் (படகோடு பிணைக்கும் பாதுகாப்பு வார்) மாட்டவேண்டுமா? (மெல்போர்ன்)

இரவில் எப்போதும். தனியாக வாட்சில் இருந்தால் பகலிலும். படியில் நிற்கும்போதே கொக்கி: இதை எத்தனையாவது முறை எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. 6 நாட் என்றால் நொடிக்கு 3 மீட்டர், ஒரு நிமிடத்தில் படகு 180 மீட்டர் போய்விடும். இருட்டில் ஒரு தலை எவ்வளவு பெரிது? முன்னே போகும்போது குட்டை வாரில் போங்கள், நீள வாரில் விழுந்தால் படகோடு தண்ணீரில் இழுபடுவீர்கள். கொக்கி எதிலும் குறுக்காகச் சிக்கவில்லையா என்று பாருங்கள். 2017-ல் தென்பெருங்கடலில் ஒரு உலகச் சுற்றுப் போட்டிப் படகில், கொக்கி டெக்கில் ஒரு கிளீட்டுக்கு (கயிறு கட்டும் கொம்பு) அடியில் மாட்டிப் பக்கவாட்டில் இழுபட்டு வளைந்து விட்டுவிட்டது. ஆள் போய்விட்டார்.

இரவில் ஆண்கள் ஓரமாக நின்று... (பெயர் வேண்டாம் என்றவர்)

உட்கார்ந்து. உள்ளே. கழிவறையில். வேட்டி கட்டிய ராஜாவாக இருந்தாலும்.

வழியில் வானிலை கெட்டால் ஏதாவது ஆற்று முகத்தில் நுழைந்துவிடலாம்தானே? வரைபடத்தில் நிறைய இருக்கின்றன. (பிளாக்டவுன்)

வரைபடத்தில் நிறையத்தான் இருக்கின்றன. ஃபோர்ஸ்டர், கேம்டன் ஹேவன், போர்ட் மெக்வாரி எல்லாவற்றிலும் வாசலில் மணல்திட்டு. அலை பெரிதாக இருக்க, வற்றுநீரும் வெளியே ஓடினால் அந்த வாசல் ஒரு அருவி. நீங்கள் ஒதுங்க நினைக்கும் அதே வானிலைதான் வாசலை மூடும். போர்ட் ஸ்டீபன்ஸ் விட்டால் காஃப்ஸ் ஹார்பர் வரை சுமார் 140 மைலுக்கு எந்த வானிலையிலும் நுழையக்கூடிய துறைமுகம் கிடையாது. தெற்குக் காற்றுக்கு டிரையல் பேயில் நங்கூரம் போட்டு ஒதுங்கலாம், அவ்வளவுதான். ஆகவே முடிவெடுக்க வேண்டிய இடம் போர்ட் ஸ்டீபன்ஸ். கடந்து போனபிறகு யோசிக்காதீர்கள்.

கைபேசி கரை ஓரம் எடுக்கிறது. ஈபர்ப் (அபாயக்குறி அனுப்பும் கருவி) வாங்கவேண்டுமா? (ஆபர்ன்)

வாங்கவேண்டும். கரையிலிருந்து 2 மைல் தாண்டினால் சட்டமே அதைத்தான் சொல்கிறது. வாங்கி அட்டைப்பெட்டியில் வைக்காமல் பதிவு செய்யுங்கள், இலவசம். புறப்படும்போதும் சேரும்போதும் மரைன் ரெஸ்க்யூவிடம் (கடல் மீட்புக் குழு) சொல்லுங்கள். சேர்ந்ததும் சொல்ல மறந்து அவர்களைத் தேடவைக்கும் ஆட்கள் நம்மிலும் உண்டு.

நான் பெண். ஐந்தடி உயரம். கனமான கயிறு இழுக்க வராது. யாராவது சேர்ப்பார்களா? (புதுச்சேரி)

கயிறு இழுக்கும் விஞ்சு எதற்கு இருக்கிறது? இந்தியக் கடற்படையின் தாரிணி 56 அடிப் படகு. 2024 அக்டோபரில் கோவாவில் புறப்பட்டு, 2025 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பியது. அதில் இருந்தது இரண்டே பெண்கள். ஒருவர் உங்கள் ஊர்க்காரர். உயரத்தை விடுங்கள், உங்கள் வாட்சுக்குப் பத்து நிமிடம் முன்னதாக உடுத்தித் தயாராக நிற்பீர்களா என்று எழுதுங்கள். அப்படி ஒரு ஆளைத் தேடி நானே அலைகிறேன்.

செலவு யார் பார்ப்பது? (ஹோம்புஷ்)

சாப்பாடு சமபங்கு. படகு ரிப்பேர் சொந்தக்காரர் தலையில். டீசல் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். புறப்படும் முன் வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள், நடுக்கடலில் ஆரம்பிக்காதீர்கள்.

சமைக்கும் பொறுப்பு என்னிடம். நாலு பேர், நாலு நாள். என்ன எடுத்துப்போக? (டூங்காபி)

முதல் நாளுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போங்கள், அன்று யாருக்கும் அடுப்படியில் நிற்கும் தெம்பிருக்காது. குடிநீர் ஆளுக்கு நாளைக்கு 3 லிட்டர், மொத்தம் 50 லிட்டர், அதை இரட்டிப்பாக்குங்கள். எல்லாம் ஒரே தொட்டியில் வேண்டாம், பாதி கேனில். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும். சமைத்து முடித்ததும் சிலிண்டர் வால்வையே மூடுங்கள். குக்கர் கட்டாயம் எடுத்துப் போங்கள்: மூடி பூட்டிக்கொள்வதால் படகு சாய்ந்தாலும் கொட்டாது, கொதிநீர் காலில் விழாது. என்ன, விசில் அடித்தால் வாட்ச் முடித்துத் தூங்கும் இரண்டு பேரும் எழுந்து உங்களை அடிக்க வருவார்கள். இரவில் விசில் குண்டு போடாமல் வையுங்கள், சாதம் கொஞ்சம் தாமதமாக வேகும்.