நேற்றைய வேலையை அறியாத ஏஜென்ட்

கேள்வி: ஐயா, எங்கள் கடையின் பில்லிங் மென்பொருளை ஒரு ஏஐ கோடிங் ஏஜென்ட்டின் துணையோடு திருத்தி எழுதி வருகிறேன். மாலையில் நிறுத்திவிட்டு மறுநாள் காலை புதிய அமர்வைத் தொடங்கினால், முந்தைய நாள் சரிவராது என்று கைவிட்ட வழியையே அது மறுபடியும் முயல்கிறது. நடந்தவற்றை அது நினைவில் வைத்துக்கொள்ள வழி இல்லையா?
– வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் சலிப்பு நியாயமானது. நிரலைத் தானே எழுதி ஓட்டிப் பார்க்கும் அந்த ஏஜென்ட்டுக்குப் பின்னால் இருக்கும் மொழி மாதிரி (உரையைப் படித்துப் பதில் எழுதும் ஏஐ), நீங்கள் பேசுவதால் மாறுவதில்லை. ஒவ்வொரு முறை நீங்கள் கேட்கும்போதும் அதுவரை நடந்த உரையாடல் அதற்கு மீண்டும் அனுப்பப்படுவதால்தான், அது எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பதுபோலத் தோன்றுகிறது. புதிய அமர்வில் அந்த உரையாடல் இல்லை. பெரும்பாலும் உங்கள் கோப்புறையில் உள்ள கோப்புகள் மட்டுமே இருக்கின்றன. ஆகவே, நாளைக்கு வேண்டியவை அனைத்தும் இன்று மாலையே அந்தக் கோப்புறைக்குள் எழுத்தாக வந்துவிட வேண்டும்.

நிரலே அங்கு இருக்கிறதே, அது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நிரல் என்ன செய்கிறது என்பதை ஏஜென்ட் படித்துத் தெரிந்துகொள்ளும். ஏன் அப்படி எழுதப்பட்டது என்பதைப் பெரும்பாலும் நிரல் சொல்வதில்லை. விலைகளைத் தசம எண்களாகச் சேமித்தபோது ஜிஎஸ்டி கூட்டலில் பைசா பிசகியது, அதனால் எல்லாத் தொகைகளையும் பைசாக் கணக்கில் முழு எண்ணாக மாற்றினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காரணம் எங்கும் எழுதப்படவில்லை என்றால், நாளைய ஏஜென்ட் நல்லெண்ணத்தோடு அதைப் பழையபடி தசம எண்ணாக "ஒழுங்குபடுத்தி" வைக்கக்கூடும். என் கருத்தில், அடுத்த அமர்வுக்கு விட்டுச்செல்லும் ஒப்படைப்புக் குறிப்பில் மிகவும் மதிப்புள்ள பகுதி, முயன்று தோற்ற வழிகளும் அவை தோற்ற காரணமுமே. முடிந்தவற்றின் பட்டியலைக்கூட நிரலைப் பார்த்து ஓரளவு மீட்டுவிடலாம். கைவிட்ட வழியின் தடயம் நிரலில் இருக்காது.

எனவே அமர்வை முடிப்பதற்கு முன், "முன்னேற்றம்" என்ற பெயரில் ஒரு கோப்பை எழுதும்படி ஏஜென்ட்டையே பணியுங்கள்: எது முடிந்தது, அதை எந்தச் சோதனையை ஓட்டி உறுதிசெய்தோம், எது பாதியில் நிற்கிறது, எதை ஏன் கைவிட்டோம், அடுத்த அடி என்ன என்பவை அதில் வரட்டும். அதை நீங்களும் ஒருமுறை படித்துத் திருத்துங்கள். ஓட்டிப் பார்க்காத ஒன்றை "முடிந்தது" என்று அது எழுதிவிடுவது உண்டு. பிறகு நிரலையும் குறிப்பையும் சேர்த்து, மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் என்ற கருவியில் ஒரே கமிட்டாக, அதாவது ஒரே பதிவாக, வையுங்கள். குறிப்பும் நிரலும் முரண்பட்டால் எங்கே பிசகியது என்று பின்னோக்கிப் பார்க்க அது உதவும்.

ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் கோடிங் ஏஜென்ட்டான கிளாட் கோட், அமர்வு தொடங்கும்போது கிளாட்.எம்டி (CLAUDE.md) என்ற கோப்பைத் தானாகவே வாசிக்கிறது; வேறு பல கருவிகள் ஏஜென்ட்ஸ்.எம்டி (AGENTS.md) கோப்பை வாசிக்கின்றன. என்றும் மாறாத விதிகளை மட்டும் அங்கே வைத்து, "முதலில் முன்னேற்றக் கோப்பைப் படி" என்ற ஒரு வரியைச் சேர்த்தால் போதும்.

இதே சிக்கலைப் பற்றி ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் பொறியாளர்கள் 2025 நவம்பரில் எழுதினார்கள். நீண்ட வேலைகளில் ஏஜென்ட் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய முனைந்து பாதியில் நின்றுவிடுவதையும், பின்னால் வரும் அமர்வு ஏற்கெனவே செய்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு வேலை முடிந்ததாக அறிவித்துவிடுவதையும் அவர்கள் கண்டார்கள். அதற்கு அவர்கள் செய்தது, தேவையான அம்சங்கள் அனைத்தையும் தொடக்கத்திலேயே பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் "இன்னும் தேறவில்லை" என்று குறித்து, அமர்வுக்கு ஒன்றாக எடுத்துச் சோதித்த பிறகே குறியை மாற்றச் செய்ததுதான். உங்கள் பில்லிங் வேலைக்கும் இது அப்படியே பொருந்தும்.

கேள்வி: பழைய உரையாடலையே மீண்டும் திறந்து தொடரும் வசதி இருக்கும்போது, தனிக் கோப்பு எதற்கு?
– வாசகி, திருச்சி

பதில்: மதிய உணவுக்கு எழுந்து போய்த் திரும்பினால் அந்த வசதியே போதும். பல நாள் வேலைக்கு அது போதாது. மாதிரி ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய உரைக்கு ஓர் அளவு உண்டு. கான்டெக்ஸ்ட் விண்டோ எனப்படும் அது பல கிளாட் மாதிரிகளில் 2,00,000 டோக்கன்கள் (மாதிரி உரையைப் பிரித்துப் படிக்கும் சிறு துண்டுகள்). அது நிரம்பும் தறுவாயில் கருவி பழைய உரையாடலைத் தானே சுருக்கிக்கொள்கிறது. அந்தச் சுருக்கத்தில் எது தங்கும், எது உதிரும் என்பது முழுவதும் உங்கள் கையில் இல்லை. கோப்பில் எழுதியதோ உதிராது, இன்னொரு கணினியிலும் இன்னொருவரிடமும் பயன்படும்.

கேள்வி: குறிப்பைத் தமிழில் எழுதலாமா?
– வாசகர், மதுரை

பதில்: தாராளமாக எழுதலாம். ஒரே செய்திக்குத் தமிழில் பொதுவாகக் கூடுதல் டோக்கன்கள் செலவாகும் என்றாலும், ஒரு பக்கக் குறிப்புக்கு அது பொருட்டல்ல; நீங்கள் தயங்காமல் படித்துத் திருத்தக்கூடிய மொழியில் இருப்பதே முக்கியம். கோப்புகளின் பெயர்களையும் பிழைச் செய்திகளையும் மட்டும் மொழிபெயர்க்காமல் உள்ளபடியே ஒட்டுங்கள். தரவுத்தளக் கடவுச்சொல்லை எந்த மொழியிலும் அதில் எழுத வேண்டாம்; கிட்டில் ஒருமுறை பதிந்துவிட்டால், பின்னர் கோப்பிலிருந்து நீக்கினாலும் பழைய கமிட்டுகளில் அது இருந்துகொண்டே இருக்கும்.